இன்னொருவருக்குத் துணையாகப் போகும் நாய்க்குட்டி



சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி வரும் மின்சார ரயிலில் போய் வருகிற நம் உறுப்பினர்களுக்கு இது பழகிய காட்சி. ஒரு கையில் வெள்ளைக் கைத்தடி, தோளில் ஒரு பை. பேனா, கடலை மிட்டாய், சீப்பு என்று கூவி விற்றுக்கொண்டே நெரிசலில் பெட்டி முழுக்க நடந்து வருவார்கள் பார்வையற்ற வியாபாரிகள். ரயிலுக்குள் அவர்களுக்கு யார் துணையும் வேண்டியதில்லை. ஆனால் ஸ்டேஷனை விட்டு இறங்கிய பிறகு? மூடி இல்லாத கால்வாய், ரோட்டோரம் நிற்கும் கன்டெய்னர் லாரி, கூட்டமாகக் குரைத்துக்கொண்டு வரும் தெருநாய்கள். கூட ஒருத்தர் வந்தால்தான் வீடு போய்ச் சேர முடியும் என்ற நிலைமை பலருக்கு இருக்கிறது.

அந்த "ஒருத்தர்" யார் என்று பாருங்கள். அநேகமாக அம்மா, இல்லாவிட்டால் மனைவி, இல்லாவிட்டால் தங்கச்சி. துணைக்குப் போகிற பெண்ணுக்கும் அன்றைக்கு வேலை இல்லை, கூலி இல்லை, சில நேரம் குழுக் கூட்டமும் இல்லை.

நாயைக் கண்டு பயந்து நடக்கும் அதே மனிதருக்கு ஒரு நாயே வழித்துணையாக இருந்தால் எப்படி இருக்கும்? உலகத்தின் பல நாடுகளில் இது நடக்கிறது. அந்த நாயைத் தயார்ப்படுத்தும் வேலையின் முதல் பாதியை நம்மைப் போன்ற சாதாரணக் குடும்பங்கள்தான் செய்கின்றன. அதைப் பற்றித்தான் இந்த இதழில் தெரிந்துகொள்ளப் போகிறோம்.

உதவி நாய் என்றால் என்ன?

மாற்றுத்திறனாளி ஒருவரின் அன்றாட வேலைக்கு உதவும்படி பயிற்சி பெற்ற நாயை உதவி நாய் என்கிறோம். இதில் பல வகை உண்டு.

* வழிகாட்டி நாய்: பார்வையற்றவருக்கு வழியில் உதவும்.
* காது கேளாதவருக்கான நாய்: கதவு தட்டும் சத்தம், குழந்தை அழுகை, அலாரம் கேட்டால் வந்து தொட்டுத் தெரிவிக்கும்.
* உடல் இயக்கம் குறைந்தவருக்கான நாய்: கீழே விழுந்த சாவியை எடுத்துக் கொடுக்கும், கதவைத் திறக்கும், விளக்கு சுவிட்சைப் போடும்.

வழிகாட்டி நாயைப் பற்றி நிறையப் பேர் நினைப்பது ஒன்று, உண்மை வேறு. "நாய்க்கு வழி தெரியும், அது கூட்டிக்கொண்டு போகும்" என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. எங்கே போக வேண்டும், எத்தனையாவது தெருவில் திரும்ப வேண்டும் என்பது அந்த மனிதருக்குத்தான் தெரியும். அவர் "நேராகப் போ", "வலது" என்று சொல்லுவார். வழியில் பள்ளம், படி, கம்பம், நிற்கும் வண்டி இருந்தால் நாய் நிற்கும் அல்லது சுற்றிக் கூட்டிப் போகும். நாயின் முதுகில் கெட்டியான பிடி வைத்த பட்டை இருக்கும். அதைப் பிடித்திருப்பதால் நாய் நிற்பதும் திரும்புவதும் கைக்கே தெரியும்.

சிக்னலில் சிவப்பா பச்சையா என்று நாய் பார்த்துச் சொல்லாது. வண்டிச் சத்தத்தைக் கேட்டு எப்போது கடப்பது என்று முடிவு செய்பவர் மனிதர்தான். ஆனால் அவர் "போ" என்று சொல்லும்போது எதிரே வண்டி வந்தால் நாய் போகாது. சொன்னபடி கேட்கவும் வேண்டும், ஆபத்து என்றால் கேட்காமல் நிற்கவும் வேண்டும். இந்தப் பயிற்சிதான் எல்லாவற்றிலும் கடினமானது.

இது எப்படித் தொடங்கியது?

முதல் உலகப் போரில் கண் பார்வை இழந்த படைவீரர்களுக்காக 1916-ல் ஜெர்மனியில் ஓல்டன்பர்க் என்ற ஊரில் வழிகாட்டி நாய்ப் பள்ளி தொடங்கினார்கள்.

இதைப் பற்றி அமெரிக்கப் பெண்மணி டோரதி யூஸ்டிஸ் 1927-ல் ஒரு பத்திரிகையில் கட்டுரை எழுதினார். மோரிஸ் ஃபிராங்க் என்ற பார்வையற்ற இளைஞருக்கு அவருடைய அப்பா அந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டினார். அந்த இளைஞர் இன்சூரன்ஸ் பிடிக்கும் வேலை செய்தவர். வெளியே போக ஆள் தயவு வேண்டியிருந்தது. 1928-ல் அவர் சுவிட்சர்லாந்து போய், யூஸ்டிஸ் நடத்திய இடத்தில் பயிற்சி எடுத்து, பட்டி என்ற நாயுடன் நாடு திரும்பினார். நியூயார்க் நகரத்தின் நெரிசலான சாலையைப் பட்டியுடன் கடந்து காட்டினார். 1929-ல் இருவரும் சேர்ந்து அமெரிக்காவின் முதல் வழிகாட்டி நாய்ப் பள்ளியான 'சீயிங் ஐ' நிறுவனத்தை ஏற்படுத்தினார்கள். இங்கிலாந்தில் 1931-ல் முதல் வழிகாட்டி நாய்கள் வேலைக்கு வந்தன. ஜப்பானிலேயே பயிற்சி பெற்ற முதல் வழிகாட்டி நாய் 1957-ல் வேலைக்கு வந்தது.

குட்டியை வளர்ப்பது யார்?

நாய்க்குட்டி பிறந்து மூன்று வாரத்திலிருந்து ஏறக்குறைய மூன்று மாதம் வரை உள்ள காலம் ரொம்ப முக்கியம். அந்தக் காலத்தில் எதையெல்லாம் பார்த்துக் கேட்டுப் பழகுகிறதோ, அதைக் கண்டு பின்னால் பயப்படாது. கூண்டுக்குள்ளேயே வளர்ந்த குட்டிக்கு மாடிப்படி தெரியாது, குக்கர் விசில் தெரியாது, குழந்தைகள் ஓடுவது தெரியாது. பெரிதான பிறகு என்ன பயிற்சி கொடுத்தாலும் அது மிரளும். மிரளும் நாயை நம்பி ஒருவர் ரோட்டில் இறங்க முடியுமா? "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்று நாம் சொல்வது இதற்கும் பொருந்தும்.

அதனால்தான் குட்டிகளை வீடுகளில் வளர்க்கக் கொடுக்கும் முறை வந்தது. சீயிங் ஐ நிறுவனம் 1942-ல் இதை ஆரம்பித்தபோது '4-எச்' மன்றங்களைச் சேர்ந்த பிள்ளைகளிடம்தான் கொடுத்தது. அவை விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் கன்று, கோழி, தோட்டம் வளர்க்கப் பழகும் கிராமப்புற மன்றங்கள். இங்கிலாந்தில் 1956-ல் இந்த முறை வந்தது. இன்று வழிகாட்டி நாய்ப் பள்ளிகளில் பெரும்பாலானவை இப்படி வளர்ப்புக் குடும்பங்களை நம்பித்தான் நடக்கின்றன.

நம்ம ஊரில் பால்வாடி, அப்புறம் பள்ளிக்கூடம் என்று இருக்கிறது இல்லையா? அதே மாதிரிதான். வளர்ப்பு வீடு பால்வாடி. பயிற்சி மையம் உயர்நிலைப் பள்ளி.

அந்த ஒரு வருஷத்தில் என்ன வேலை?

குட்டி ஏழு எட்டு வாரத்தில் வீட்டுக்கு வரும். ஒரு வயது, ஒன்றரை வயது ஆகும் வரை இருக்கும். சாலை கடக்கும் பயிற்சி எல்லாம் வளர்ப்புக் குடும்பம் தர வேண்டியதில்லை. அது பயிற்சியாளர் வேலை. வீடு சொல்லித் தருவது நல்ல பழக்கம்.

1. சுத்தம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே கூட்டிப் போக வேண்டும். ஒரே இடம், ஒரே சொல். சொன்னால் போகப் பழகிவிடும். பார்வையற்றவர் பஸ் ஏறுவதற்கு முன் நாயை ஓரமாகக் கூட்டிப்போய் முடித்துக்கொள்ள இது தேவை.

2. சாப்பாடு. நேரத்துக்கு அதன் தட்டில் மட்டும். நாம் சாப்பிடும்போது ஒரு வாய் சோறு, ஒரு துண்டு வடை போடக் கூடாது. "பாவம், பார்த்துக்கிட்டே இருக்குதே" என்று தோன்றும். ஆனால் நாளைக்கு டீக்கடை வாசலில் வடை வாசனைக்கு அது இழுத்துக்கொண்டு போனால், கூட வருபவர் கீழே விழுவார்.

3. மனிதர் மேல் தாவாமல் இருப்பது. குட்டியாக இருக்கும்போது அழகு. முப்பது கிலோ ஆன பிறகு வயதானவரைத் தள்ளிவிடும்.

4. கோழி, பூனை, ஆட்டைத் துரத்தாமல் இருப்பது. கயிற்றை இழுக்காமல் பக்கத்தில் நடப்பது. உட்கார், இரு, வா என்ற சொற்களுக்குக் கீழ்ப்படிவது. கொஞ்ச நேரம் தனியாக விட்டாலும் கத்தாமல் இருப்பது.

5. உலகத்தைக் காட்டுவது. கடைத்தெரு, பஸ், ரயில், படிக்கட்டு, கூட்டம், குடை, ஹெல்மெட் போட்டவர், சக்கர நாற்காலி என எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். நம்ம பக்கம் என்றால் சிப்காட் கம்பெனி சங்கு, லாரி ஹாரன், கல்யாண மேளம் எல்லாமே இதில் சேரும். பயந்தால் பிடித்து இழுக்கக் கூடாது. தூரத்தில் நிறுத்திக் காட்டி, தைரியம் வந்ததும் கிட்டே போக வேண்டும்.

6. அடிக்காமல் சொல்லித் தருவது. சரியாகச் செய்தவுடனே பாராட்டு, ஒரு சின்னத் தீனி. தப்பாகச் செய்தால் கவனத்தைத் திருப்பி, சரியானதைச் செய்ய வைப்பது. அடி வாங்கிய நாய் கையைக் கண்டாலே ஒதுங்கும். ஆனால் உதவி நாய் நாள் முழுக்க ஒரு மனிதரின் கைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டியது.

இதில் குடும்பம் தனியாக விடப்படுவதில்லை. வளர்ப்பவர்கள் குழுவாகக் கூடுவார்கள். நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். ஒருத்தர் ஊருக்குப் போனால் இன்னொரு வீடு குட்டியைப் பார்த்துக்கொள்ளும். குழுவாகச் சேர்ந்தால் கஷ்டமான வேலையும் நடக்கும் என்பது நமக்குத் தெரியாததா!

"இதில் எவ்வளவு கிடைக்கும்?"

இந்தக் கேள்வியைக் கேட்பது நியாயம்தான். வருமானம் கிடையாது. இது தொண்டு. மருத்துவச் செலவைப் பொதுவாக நிறுவனம் ஏற்கும். சில நிறுவனங்கள் தீவனமும் தரும், சில இடங்களில் தீவனம் வளர்ப்பவர் பொறுப்பு. குட்டி நிறுவனத்துக்குச் சொந்தம். வளர்ப்பவர் விற்கவோ வேறு யாருக்கும் கொடுக்கவோ முடியாது.

ஆகவே ஒரு எச்சரிக்கை. யாராவது வந்து "சாதி நாய்க்குட்டி வாங்கி வளர்த்துக் கொடுங்க, பயிற்சி நாயா நல்ல விலைக்கு எடுத்துக்கிறோம், முன்பணம் கட்டுங்க" என்று சொன்னால் நம்பாதீர்கள். முறையான எந்த நிறுவனமும் வளர்ப்பவரிடம் குட்டியை விற்று வேலையைத் தொடங்காது. குழுக் கடனை இதில் போடாதீர்கள்.

பிரியும் நாள்

எல்லோரும் கேட்கும் அடுத்த கேள்வி: "ஒரு வருஷம் வளர்த்துட்டு எப்படிங்க விட்டுக் கொடுக்கிறது?" அழத்தான் செய்கிறார்கள். ஆனால் குட்டி வந்த முதல் நாளிலிருந்தே இது இன்னொருவருக்கு என்று தெரிந்து வளர்ப்பதால் மனசு தயாராக இருக்கிறது. சிலர் ஒரு குட்டி போனதும் அடுத்த குட்டியை வாங்கி வளர்க்கிறார்கள்.

திரும்பிப் போன நாய்க்குச் சில மாதம் மையத்தில் பயிற்சி. பிறகு யாருக்குப் பொருந்தும் என்று பார்ப்பார்கள். வேகமாக நடப்பவருக்கு வேகமான நாய், நிதானமானவருக்கு நிதானமான நாய். அந்த மனிதரும் நாயும் சேர்ந்து சில வாரம் பழகுவார்கள். எட்டு, பத்து வயது வரை நாய் வேலை செய்யும், பிறகு ஓய்வு.

எல்லாக் குட்டியும் தேறுவதில்லை. ரொம்பப் பயம், ரொம்பத் துறுதுறுப்பு, உடல் கோளாறு என்று ஒரு பங்கு நாய்கள் வழிகாட்டி வேலைக்கு ஆகாமல் போகும். அவை வேறு உதவி வேலைக்கோ வீட்டு நாயாகவோ போகும். பெரும்பாலும் வளர்த்த குடும்பத்தைத்தான் முதலில் கேட்பார்கள். அந்த வளர்ப்பும் வீண் போவதில்லை, ஒழுங்கான ஒரு நாய் ஊருக்குக் கிடைக்கிறது.

நம்ம நாட்டில், நம்ம ஊரில்

நம் நாட்டில் வழிகாட்டி நாயுடன் நடப்பவர்கள் மிக மிகக் குறைவு. காரணங்கள் நமக்கே தெரியும். நடைபாதை கிடையாது. தெருநாய்கள் புதிய நாயைச் சுற்றி வளைக்கும். ஓட்டலிலும் பஸ்ஸிலும் "நாயை ஏத்தாதே" என்பார்கள். பயிற்சிக்கு ஆகும் செலவும் அதிகம். ஜப்பானில் உதவி நாய்களைப் பொது இடங்களில் அனுமதிக்க 2002-ல் தனிச் சட்டமே போட்டார்கள். நாய் மட்டும் தயாரானால் போதாது, ஊரும் தயாராக வேண்டும் என்பதற்கு இது சாட்சி.

நமக்குப் பக்கத்தில் இருக்கும் முயற்சி, சென்னையில் நடந்த 'டாக்டர் டாக்' திட்டம். 1991-ல் ஹாங்காங்கில் தொடங்கிய இதைச் சென்னையில் புளூ கிராஸ் அமைப்பு எடுத்து நடத்தியது. சாதுவான வீட்டு நாய்களைச் சோதித்துத் தேர்ந்தெடுத்து, சிறப்புக் குழந்தைகளிடமும் முதியோரிடமும் கூட்டிப் போவார்கள். பேசத் தயங்கும் குழந்தை நாயைத் தடவும், அதோடு பேசும். இது உதவி நாய் அல்ல, ஆறுதல் தரும் நாய். ஒருவருடனேயே தங்காது, வந்து போகும். ஆனால் இதற்கும் அடிப்படை ஒன்றுதான்: ஒரு வீட்டில் அன்பாக, ஒழுங்காக வளர்ந்த நாய்.

நம் மாவட்டத்திலேயே பூந்தமல்லியில் பார்வைத்திறன் குறைந்தோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. பார்வைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் அங்கேயே இருக்கிறது. கைத்தடி பிடித்துத் தனியாக நடக்கும் பயிற்சி, பிரெய்லி, தொழில் பற்றி அங்கே விசாரிக்கலாம். வெள்ளைக் கைத்தடி போன்ற உபகரணங்களுக்குத் திருவள்ளூரில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். தேசிய அடையாள அட்டை இல்லாதவர்கள் முதலில் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

வழிகாட்டி நாய் நம் ஊருக்கு வர நாளாகலாம். வளர்ப்புக் குடும்பங்கள் செய்யும் வேலையின் சாரத்தை இன்றைக்கே செய்யலாம்.

நம்ம வீட்டு நாய்க்கு:

* குட்டிக்கு மூன்று மாதத்தில் ரேபிஸ் தடுப்பூசி, பிறகு கால்நடை மருத்துவர் சொல்லும்படி அடுத்த ஊசி, அப்புறம் வருஷத்துக்கு ஒரு முறை. அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். செப்டம்பர் 28 உலக ரேபிஸ் தினத்தையொட்டி முகாம் நடப்பதுண்டு.
* நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டி வைக்காதீர்கள். கட்டியே கிடக்கும் நாய்க்குக் கோபம் அதிகம்.
* பிள்ளைகள் கல்லால் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடிபட்ட நாய், கைத்தடியைக் கண்டதும் அடிக்க வருகிறார்கள் என்று நினைத்துப் பாயும். கைத்தடியோடு நடப்பவருக்கு அது பெரிய ஆபத்து.
* கருத்தடை செய்யுங்கள். குட்டியை ரோட்டில் விடாதீர்கள்.

தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் போடுவது உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு என்று 2023-ல் வந்த விதிகள் சொல்கின்றன. கிராம சபையில் குழுவாக எழுந்து கேளுங்கள்.

நாய் கடித்தால்: சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம் போங்கள். சொன்ன தேதியில் எல்லா ஊசியையும் போட்டு முடியுங்கள். கூலி போகிறதே என்று பாதியில் நிறுத்தாதீர்கள். ரேபிஸ் முற்றிவிட்டால் காப்பாற்ற முடியாது.

பார்வையற்றவருக்கு:

* கையைப் பிடித்து இழுக்காதீர்கள், கைத்தடியைப் பிடிக்காதீர்கள். "உதவி வேணுமாங்க?" என்று முதலில் கேளுங்கள். வேண்டும் என்றால் உங்கள் முழங்கைக்கு மேலே அவர் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் அரை அடி முன்னால் நடங்கள். படி, பள்ளம் வந்தால் சொல்லுங்கள்.
* தெருவில் முகத்துக்கு நேராகத் துணிக்கொடி கட்டாதீர்கள். கைத்தடி தரையில் உள்ளதைத்தான் காட்டும், கொடிக்கயிற்றைக் காட்டாது. சைக்கிள், விறகு, மணல் குவியல் வழியில் வேண்டாம்.
* எங்கேயாவது வழிகாட்டி நாயைப் பார்த்தால் தொடாதீர்கள், கூப்பிடாதீர்கள், தின்னக் கொடுக்காதீர்கள். அது வேலையில் இருக்கிறது.

எங்கோ ஒரு விவசாயக் குடும்பம் ஒரு வருஷம் குட்டியின் பின்னால் ஓடியதால், முகம் தெரியாத ஒருவர் இன்று தனியாக வேலைக்குப் போகிறார். அவருடைய அம்மாவும் துணைக்குப் போகாமல் தன் வேலையைப் பார்க்கிறார். ஒரு நாய்க்குட்டிக்குக் கிடைத்த நல்ல வளர்ப்பு இரண்டு பேருக்கு விடுதலை கொடுத்திருக்கிறது.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச:

1. நம் ஊரில் துணை இல்லாமல் வெளியே போக முடியாதவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்குத் துணையாகப் போவது யார்?
2. அவர்களில் யாருக்கு அடையாள அட்டை, வெள்ளைக் கைத்தடி இல்லை? அலுவலகத்துக்குக் கூட்டிப் போகும் பொறுப்பை எந்த உறுப்பினர் ஏற்பார்?
3. நம் தெருவில் எத்தனை வீட்டு நாய்களுக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறது?

பேசியதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது கொண்டு வாருங்கள், சேர்ந்து அடுத்த வேலையைத் திட்டமிடுவோம்.